கல்லுமலையில் படிப்பை முடிக்காதவர்கள்

போன மாதம் ஈப்போவில் ஒரு தங்குவிடுதியின் கூட்ட அறையில் இளம் செய்தியாளர்களுக்குப் பயிலரங்கு ஒன்று நடந்தது. பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்பது தலைப்பு. பழைய ஆட்களில் இன்னும் மாடிப்படி ஏறக்கூடியவர் யார் என்று தேடியபோது என் பெயர் அகப்பட்டிருக்கிறது. போனேன். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர், ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கைப்பேசியிலேயே எப்படிச் சோதிப்பது என்று விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. பிறகு ஒரு பெண் எழுந்து, உங்கள் காலத்தில் பொய்ச் செய்தி வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள்.

எங்கள் காலத்தில் செய்தி பொய்யாக இருப்பது குறைவு, நடந்த காரியங்களே பொய்யாக இருந்தன என்றேன். இல்லாத ஒரு கல்லூரியில், மாணவர்களே அல்லாத மாணவர்கள் நடத்திய மறியலைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலே சொல்வதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. கறிபாப் பலகாரம் தீர்ந்துவிடும் என்று பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ஈப்போவின் புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். பெயர் கலாவதி. அப்பா நகராண்மைக் கழகத்தில் லாரி ஓட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஒரு தமிழ் நாளிதழின் ஈப்போ கிளையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். கீழே சீனர் ஒருவரின் கருவாட்டுக் கடை, மேலே எங்கள் அலுவலகம். வீட்டுக்குப் போனால் அம்மா என்னை நேராகக் குளியலறைக்கு அனுப்புவார். இரண்டு வருடம் கழித்து, இருந்த ஒரே நிருபர் காப்புறுதி பாலிசி விற்கப் போய்விட்டார். அன்றைக்குக் கிளைத் தலைவர் அறையை விட்டு வெளியே வந்து சுற்றிலும் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை. நாளைக்குத் தாப்பாவில் ஒரு கூட்டம் இருக்கிறது, நீர் போய்வாரும் என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சியும் நியமனமும் அவ்வளவுதான்.

அவர் பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனார் ரயில்வேயில் நிலைய அதிகாரி. அந்தக் காலத்து நிலைய அதிகாரிகளுக்கு இருந்த ஒரு நிதானம் மகனிடமும் இருந்தது. குரலை உயர்த்த மாட்டார். வெள்ளைச் சட்டை, பச்சை மை. நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்போம். நான் எழுதிக்கொண்டு போகும் எதற்கும் அவரிடம் இரண்டே கேள்விகள் இருந்தன. "ஆர் சொன்னது? நீர் கண்டனீரோ?"

என் முதல் செய்தியில் 'விழா சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதியிருந்தேன். ஐயா அதைக் கீழே வைத்துவிட்டு, சிறப்பாக நடக்காத விழாவை நீர் எங்கேனும் கண்டிருக்கிறீரா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் அந்தச் சொல் எதற்கு என்று பச்சை மையால் அடித்தார். 'பெருந்திரளான மக்கள்' என்று எழுதினால் நாற்காலி எத்தனை என்பார். தலையை எண்ணக் கூடாது, தலைகள் நகரும், நாற்காலியை எண்ண வேண்டும், அதில் காலியானதைக் கழிக்க வேண்டும் என்பது அவர் முறை. இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போனால் என் கண் நாற்காலியைத்தான் எண்ணுகிறது.

அதைவிடக் கடினம் படத்துக்குக் கீழே எழுதும் வரி. இடமிருந்து வலமாகப் பெயர்களைப் போட வேண்டும். ஆனால் எங்கள் பேராக் மாநிலத்தில் யாருடைய கௌரவப் பட்டமும் நிலையாக இருக்காது. படம் எடுக்கும்போது வெறும் திருவாக இருப்பவர், படச்சுருள் பேருந்தில் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் டத்தோ ஆகிவிடுவார். மறுநாள் தொலைபேசியில் அவர் மனைவி அழுவார். ஐயா மட்டும் பதறாமல், படம் எடுத்த நிமிடத்தில் அவர் என்னவாக இருந்தாரோ அதைத்தான் போட்டோம் என்று பதில் சொல்வார்.

இனிக் கல்லுமலைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் நாட்டில் பணம் நன்றாகப் புழங்கியது. பணம் உள்ளவர்கள் எல்லோரும் கல்லூரி திறந்தார்கள். காப்பிக்கடை மாடியில் கல்லூரி, தளவாடக் கடைக்குப் பின்னால் கல்லூரி. டத்தோ பாலகுரு என்று ஒருவர். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஒட்டும் தொழிலில் முன்னேறியவர். நல்ல உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர். ஆனால் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அது நடந்துவிட்டதாகப் பேசுவார். அவர் தாப்பாவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, அங்கே அனைத்துலகக் கல்லூரி வரப்போகிறது என்று அறிவித்தார். தோட்டத்துக்கு ஏதோ ஆங்கிலப் பெயர் உண்டு. எல்லோருக்கும் அது கல்லுமலைத் தோட்டம்தான்.

அந்தக் கல்லூரிக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டினார்கள். மூன்றுக்கும் நான் போனேன். முதல் கல்லை நாட்டிய கட்சிப் பிரமுகர் அடுத்த மாதமே கட்சித் தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர், தோற்றவர் நாட்டிய கல்லில் கல்லூரி எழும்பாது என்று சொல்லி இரண்டாவது கல்லை நாட்டினார். அவரும் தலைமையோடு மனத்தாங்கலாகிப் போக, மூன்றாவது கல்லை டத்தோ தாமே நாட்டிக்கொண்டார். மூன்று கற்களும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் சின்னதாக ஒரு கல்லறைத் தோட்டம் என்றுதான் நினைப்பார்கள். கட்டடம் மட்டும் வரவில்லை.

தோட்டத்தில் அப்போதும் முப்பது குடும்பங்கள் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்தன. பால் வெட்டு நின்றுபோய்விட்டது. சிலர் தொழிற்சாலை வேனில் வேலைக்குப் போனார்கள், சிலர் புல் வெட்டினார்கள். தீபாவளிக்குப் பிறகு வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் துணையமைச்சர் ஒருவர், உங்கள் கல்லூரியைப் பார்க்க வருகிறேன் என்று டத்தோவுக்குத் தகவல் அனுப்பினார். முதல் தொகுதி மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று டத்தோ ஏற்கெனவே விளம்பரம் செய்திருந்தார். கட்டடத்துக்கு ஒரு வழி கிடைத்தது. ரப்பர் தகடுகளைப் புகை போட்டுக் காயவைத்த பழைய கூடத்துக்கு வெள்ளையடித்து, கரும்பலகையும் மின்விசிறியும் மாட்டினார்கள். மாணவர்களுக்குத்தான் வழியில்லை. டத்தோவின் அலுவலர் சேகர், முப்பது வயதிருக்கும், வணிகத்தில் டிப்ளோமா முடித்தவர். லயத்துக்குப் போய் வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டார். ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும், பிரியாணி உண்டு என்றார். விளம்பரப் படத்துக்காக வாங்கிய பட்டமளிப்பு அங்கிகள்தான் கைவசம் இருந்தன. ஆகவே அந்த மாணவர்கள் படிப்பு தொடங்கிய அன்றே பட்டதாரி அங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கடைசி வரிசையில் நின்று நாற்காலிகளை எண்ணினேன். எல்லாமே நிறைந்திருந்தன. வெள்ளையடித்தும் கூடத்தின் புகை வாடை போகவில்லை. துணையமைச்சர் உள்ளே வந்ததும் இருமினார். முன்வரிசையில் முனியாண்டி என்று ஒரு பெரியவர், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியர்வையில் சாயம் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. துணையமைச்சர் அவரிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். "பிஸ்னஸ், ஒய்.பி." என்று, அமைச்சர்களுக்கு உரிய மரியாதைச் சொல்லோடு, சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். எந்த வருடம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குச் சேகர் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"முப்பத்தெட்டு, ஒய்.பி." என்றார் முனியாண்டி, பிறந்த வருடத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து.

துணையமைச்சர் அவர் காதோரம் வழிந்த சாயத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஆனால் மேடை ஏறிய பிறகு புரிந்துகொள்வதில் அவருக்கும் லாபம் இல்லை. கல்விக்கு வயது தடையல்ல என்பதற்கு இந்தக் கல்லூரியே சான்று என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தார். தனலட்சுமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, வயதான மாமியாரும் ஒரு மகளும் அவரோடு இருந்தார்கள். அவர் கேட்க வேண்டிய கேள்வியைச் சேகர் எழுதிக் கொடுத்திருந்தார். கல்லூரியில் கணினி வசதி எப்படி என்பதோ என்னவோ. அதை விட்டுவிட்டு அவர் வேறொன்று கேட்டார்.

"ஒய்.பி., நாங்க இங்கயே தங்கித்தான் படிக்கிறோம். படிப்பு முடியிறதுக்குள்ள எங்கள வெளியாகச் சொன்னா நாங்க எங்க போறது?"

துணையமைச்சருக்கு அது நல்ல கேள்வியாகத் தெரிந்தது. யாரும் சொல்ல முடியாது என்றார். "படிப்பு முடியிற வரைக்கும் இந்த மாணவர்கள இந்த எடத்த விட்டு ஒருத்தரும் அசைக்க முடியாது. அதுக்கு நான் பொறுப்பு." பேச்சு நன்றாக வந்த வேகத்தில் மேசையையும் ஒரு தட்டு தட்டினார். டத்தோதான் முதலில் கை தட்டியவர். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கை மட்டும் நிற்கவில்லை.

அலுவலகம் திரும்பி ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் மாணவர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் அந்தச் சொல் துணையமைச்சர் வாயில் மட்டும் வரட்டும் என்று சொல்லி, என் வரிகளில் இருந்த மாணவர்களை எல்லாம் 'அங்கி அணிந்து அமர்ந்திருந்தவர்கள்' என்று திருத்தினார். அவர்களில் எத்தனை பேர் முறைப்படி பதிவு செய்தவர்கள் என்று டத்தோவின் அலுவலகத்தைக் கேட்டோம். பதிலாக ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் தனலட்சுமி அக்காவும் முனியாண்டி அண்ணனும் அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தீபாவளி முடிந்தது. ஒருநாள் காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. தோட்டத்து முச்சந்திக் கடையிலிருந்து தனலட்சுமி அக்கா பேசினார்.

"தங்கச்சி, மெசின் வந்துருச்சி. நாங்க அங்கிய போட்டுக்கிட்டோம். நீ வாரியா?"

தாப்பாவுக்குப் பேருந்து, அங்கிருந்து ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். லயத்துக்கு முன்னால் மண் தள்ளும் இயந்திரம் நின்றது. அதற்கு எதிரே முப்பது குடும்பங்களின் ஆட்கள் கறுப்பு அங்கியும் சப்பைத் தொப்பியுமாக வரிசையில் நின்றார்கள். அடுத்த வருகைக்கு வேண்டும் என்று சேகர் அங்கிகளைத் திரும்ப வாங்காமல் விட்டிருந்தார். வெயில் கொளுத்தியது. இயந்திரத்தை ஓட்டிவந்த மலாய்க்காரர் அதை நிறுத்திவிட்டு, அவர்கள் கொடுத்த தேநீரை மர நிழலில் குடித்துக்கொண்டிருந்தார். காலி வீடுகளை இடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று என்னிடம் மலாயில் சொன்னார். பட்டமளிப்பு விழா நடக்கிற இடத்தில் இயந்திரம் ஓட்டுவது மரியாதையாக இருக்காது, விழா முடிந்ததும் சொல்லுங்கள் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சேகர் காரில் வந்து இறங்கினார். அன்றைக்குச் சும்மா வேஷம் போட்டதுதானே, பிரியாணியும் சாப்பிட்டீர்களே என்று கெஞ்சினார். அதைத் துணையமைச்சரிடம் சொல்லிவிட்டீர்களா என்று தனலட்சுமி அக்கா கேட்டார். சொன்னால் டத்தோவின் கல்லூரி உரிமமும் போகும், வங்கிக் கடனும் போகும். சேகர் பேச்சை வேறு வழியில் திருப்பினார்.

"அக்கா, மாணவருங்க மறியல் பண்ணக் கூடாது. சட்டம் இருக்கு. எல்லாரையும் காலேஜ விட்டு நீக்கிருவோம்."

"நீக்குங்க தம்பி," என்றார் தனலட்சுமி அக்கா. "நீக்கிறதுக்கு முன்னுக்கு, நாங்க சேந்தோம்னு எழுதிக் குடுங்க."

சேகர் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் வெளியே வரவில்லை. மதியத்துக்கு மேல் இயந்திரம் திரும்பிப் போனது.

என் தொழில் வாழ்க்கையில் ஆகக் கடினமான செய்தி அதுதான். நடந்ததை எழுதுவது கஷ்டமில்லை. அந்த முப்பது பேரை என்னவென்று அழைப்பது என்பதுதான் கஷ்டம். தோட்ட மக்கள் என்று எழுதினால் உண்மை. ஆனால் மறுநாளே துணையமைச்சரின் வாக்கு செல்லாமல் போகும், இயந்திரம் திரும்பி வரும். மாணவர்கள் என்று எழுதினால் வீடு தப்பும். ஆனால் அது பொய்.

டத்தோ மறுநாள் காலை ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு மாடியேறி வந்தார். மறியல் என்று போட வேண்டாம், பட்டமளிப்பு விழாவுக்கு மாணவர்கள் ஒத்திகை பார்த்தார்கள் என்று போடுங்கள் என்றார். எந்த வருடத்துப் பட்டமளிப்பு என்று ஐயா கேட்டார். டத்தோ ஆரஞ்சுக் கூடையைப் பார்த்தார். எப்படியானாலும் மாணவர்கள் என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தலைமையகமும் விளம்பரத்தை நினைவூட்டித் தொலைபேசியில் பேசியது. டத்தோ படியிறங்கிய சற்று நேரத்தில் தனலட்சுமி அக்காவின் அழைப்பு வந்தது.

"மாணவருன்னே போடு தங்கச்சி. தோட்டத்துச் சனம்னு போட்டுறாத லா, எங்க வீடு போச்சி."

ஆக, வீட்டை இடிக்க நினைத்தவரும் வீட்டைக் காக்க நினைத்தவரும் ஒரே பொய்யைக் கேட்டார்கள். நான் ஐயாவிடம் போய், மாணவர்கள் என்றே எழுதிவிடலாமே, யாருக்கு என்ன கெட்டுப்போகும் என்றேன். நாளைக்கு இன்னொருவர் வந்து வேறொரு பொய்யைக் கேட்பார், அன்றைக்கு நீர் என்ன சொல்வீர் என்றார். எழுந்து சன்னலருகே போய் நின்றார். கீழே கருவாட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. செய்தியைக் கொண்டுபோகும் கோலாலம்பூர் பேருந்து புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"பிள்ளை, துணையமைச்சர் அவையளை என்னெண்டு சொன்னவர்?"

மாணவர்கள் என்று சொன்னார் என்றேன்.

"நீர் உம்மட காதால கேட்டனீர்தானே. அப்ப அவர் சொன்னதை அவர்மேலேயே போடும். பேருக்குப் பக்கத்தில வயசையும் போடும்."

அப்படித்தான் எழுதினேன். கல்லுமலைத் தோட்டத்தில் துணையமைச்சரால் மாணவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்கள், படிப்பு முடியும்வரை வெளியேறப் போவதில்லை என்று கூறி அங்கியோடு மறியலில் ஈடுபட்டனர். அவர்களில் தனலட்சுமி (45), முனியாண்டி (58) ஆகியோர் பேசினர். இவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலைமையகத்தில் பக்கம் கட்டியவர் யோசிக்காமல் அதை டத்தோவின் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இடப்பக்கம் அதே ஆட்கள் 'மகிழ்ச்சியான வளாக வாழ்க்கை' என்ற வரிக்கு மேலே சிரித்தார்கள். வலப்பக்கம் முறைத்தார்கள்.

காப்பிக்கடைகளில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். உண்மை எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் யாராலும் அதைச் சொல்ல முடியவில்லை. டத்தோ சொன்னால் உரிமம் போகும். துணையமைச்சர் சொன்னால் முட்டாளாக வேண்டும். துணையமைச்சரின் செயலாளர் எங்களை அழைத்து, வயதை எதற்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். அது எங்கள் வழக்கம் என்றார் ஐயா. சொன்ன சொல்லைக் காப்பதற்காக அன்றிலிருந்து எல்லாச் செய்தியிலும் எல்லோருக்கும் வயது போட வைத்தார். கட்சியின் இளைஞர் பிரிவுத் தலைவர் ஒருவருக்கு அதனால் பெரிய வருத்தம்.

மறு வாரம் தலைநகரிலிருந்து உண்மையான பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒருமைப்பாடு தெரிவிக்கப் பேருந்து பிடித்து வந்தார்கள். தாடி வைத்த ஒரு பையன் முனியாண்டி அண்ணனிடம் கல்வி வியாபாரமாகிப்போனதைப் பற்றி நிறையப் பேசினான். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்களும் பிஸ்னஸ்தான் தம்பி படிக்கிறோம்," என்றார். மத்தியானம் அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள்.

பிறகுதான் டத்தோவுக்கு மெய்யான தலைவலி வந்தது. அடுத்த ஆண்டும் வந்து பார்ப்பேன் என்று துணையமைச்சர் சொல்லிவிட்டார். தனலட்சுமி அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மாணவர் மன்றம் என்று ஒன்றைக் கூட்டி, தாமே தலைவியானார். மாணவர்கள் என்றால் பாடம் எங்கே என்று கேட்டு இரண்டாவது மறியலை நடத்தினார். இந்த முறை டத்தோவின் டயர் பட்டறை வாசலில். வேறு வழியில்லாமல் டத்தோ சேகரைக் கூப்பிட்டு, நீதானே டிப்ளோமா படித்தவன், நீயே போய் நடத்து என்றார்.

அந்த வகுப்பை நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். புகைக்கூடத்தில், மாலை நேரம். தொழிற்சாலை வேன் வந்து இறக்கிவிட்டதும் பெண்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முதல் மாதம் முழுக்கச் சேகர் கல்லூரி விளம்பரத் துண்டையே வாசித்துக் காட்டினாராம். வாசிக்க அதில் ஒன்றும் மிஞ்சாமல் போகவே, தம் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து வந்திருக்கிறார். நான் போன அன்று, ஒரு நிறுவனம் என்றால் என்ன என்பது பாடம். நிறுவனம் கடனில் விழுந்தால் அதன் நிலம் யாருக்குப் போகும் என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். சேகர் அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். வங்கி, பிறகு ஏலம், அதற்கு முன்பே அரசாங்கத்திடம் மனுப் போட்டால் ஒரு மூலையைக் கேட்கலாம் என்றார். சொல்லி முடித்த பிறகு, தான் யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. கரும்பலகையை அழித்துவிட்டு, அதெல்லாம் தேர்வுக்கு வராது என்றார். பெண்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டார்கள்.

தேர்வும் நடந்தது. எல்லோரும் தோற்றார்கள். வேண்டுமென்றே தோற்றார்கள். படிப்பு முடிந்துவிட்டால் வீட்டை விட்டுப் போக வேண்டுமே. நன்றாகப் படிக்கத் தெரிந்த தனலட்சுமி அக்காவின் மகள்தான் அம்மாவுக்கு எந்த விடையைத் தப்பாக எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சேகர் வெறும் தாளில் மதிப்பெண் போட்டுத் தேறச்செய்யப் பார்த்தார். மாணவர் மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்ததற்காக மறியல் நடந்த கல்லூரி நாட்டிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு நாட்டு நாணயமான ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. அந்த வருடம் ஈப்போவில் பாதிக் கட்டடங்கள் கம்பியோடு நின்றன. காப்பிக்கடை மாடிக் கல்லூரிகள் காணாமல் போயின. டத்தோவின் நிறுவனமும் விழுந்தது. அவர் டயர் பட்டறைக்கே திரும்பினார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சேகருக்கு வேலை போனது. ஈப்போவில் வாடகை கட்ட முடியாமல், கல்லுமலையில் காலியாக இருந்த ஒரு லயத்து வீட்டில் வந்து குடியேறினார். யாரை வெளியேற்ற வந்தாரோ அவர்கள் வீட்டுச் சோற்றைத்தான் ஆறேழு மாதம் சாப்பிட்டார். சம்பளம் இல்லாமலே வகுப்பு நடத்தினார். இப்போது பாடம் ஒன்றே ஒன்றுதான், நில அலுவலகத்துக்கு மனு எழுதுவது. அவரே எல்லோரையும் அழைத்துக்கொண்டு தாப்பா நில அலுவலகத்துக்குப் போனார். அங்கி தேவையில்லை என்று சொல்லியும் முனியாண்டி அண்ணன் போட்டுக்கொண்டு போனார். முகப்பில் இருந்த அலுவலர் எழுந்து நின்று அவரை முதலில் கூப்பிட்டாராம்.

பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம். மனு மேலே போனது. பழைய செய்தியை யாரோ தோண்டி எடுத்து, இவர்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் ஒரு மூலையை அரசாங்கம் ஒதுக்கியது. மலிவு விலை வீடுகள், குடும்பத்துக்கு ஒன்று, வரிசையாக எழும்பின. சேகருக்கு அதில் வீடு இல்லை. அவர் தோட்டத்து ஆள் அல்லவே. ஈப்போவில் ஒரு துணைப்பாட நிலையத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். கடைசிவரை நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தார்.

வீட்டுச் சாவி கொடுக்கும் விழாவுக்கு நான்தான் போனேன். ஐயா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய துணையமைச்சர் அப்போது பதவியில் இல்லை, கட்சியின் சார்பில் வந்திருந்தார். இதுவே கல்லுமலைக் கல்லூரியின் முதல் பட்டமளிப்பு விழா என்று பேச்சைத் தொடங்கினார். வந்திருந்தவர்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முனியாண்டி அண்ணன் அங்கியோடுதான் போனார். தனலட்சுமி அக்கா சாதாரணச் சேலையில் இருந்தார். மாமியார் கட்டட வேலை நடக்கும்போதே காலமாகிவிட்டார். மகள் தைப்பிங்கில் வேலைக்குப் போயிருந்தாள்.

அவர் மேடைக்கு வந்ததும் பழைய துணையமைச்சர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி, படிப்பு முடிந்ததா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. தனலட்சுமி அக்கா சிரிக்கவில்லை.

"முடிஞ்சிருச்சி, ஒய்.பி."

"இனிமே என்னா செய்யப் போறீங்க?"

அவர் கை நீட்டிச் சாவியை வாங்கினார்.

"வீட்டுக்குப் போறேன்," என்றார்.

மேடையை விட்டு இறங்கினார். இன்னும் பாதிப் பேருக்குச் சாவி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான்கு பேர் பேசவும் இருந்தார்கள். அவர் எதற்கும் நிற்கவில்லை. பந்தலைத் தாண்டி, புதுத் தார்ச்சாலையைக் கடந்து, மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்தார். பூட்டு புதிது என்பதால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடி, ஒரு படத்துக்காக இன்னொரு முறை வெளியே வரச் சொல்லிக் கதவைத் தட்டினார். பலமுறை தட்டினார். கதவு திறக்கவில்லை.